சோஷலிசம் என்ற சொல்லும் என் ஓய்வூதியமும்

காலை நடை முடிந்ததும் கடற்கரைச் சாலையில் ஒரு சிமெண்ட் பெஞ்சில் நாங்கள் மூன்று பேர் உட்காருவோம். ஒருவர் சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். மாதம் பிறந்தால் பிரான்சிலிருந்து பென்ஷன் வரும். பிரெஞ்சுத் தேர்தலில் இங்கிருந்தே வாக்களிப்பவர், எப்போதும் வலதுசாரிக்குத்தான். இன்னொருவர் மில் தொழிலாளி, சங்கத்துக்காரர். அவரை எல்லோரும் தோழர் என்றே கூப்பிடுகிறோம். மூன்றாவது ஆள், எழுத்தராகச் சேர்ந்து எழுத்தராகவே ஓய்வு பெற்ற அடியேன்.

ஒரு நாள் அரசியலமைப்பின் முகப்புரையில் 'சோஷலிஸ்ட்' என்ற சொல் இருக்கலாமா என்று பேச்சு வந்தது. அதை எடுக்கச் சொல்லிப் போட்ட மனுக்களை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது நினைவிருக்கும். "ஒரு வார்த்தைதானே, எடுத்தா என்ன குறைஞ்சிடும்?" என்றார் சொல்தா. "உங்களுக்குப் பிரான்சுல இருந்து பென்ஷன் வருதே, அது எந்த வார்த்தையால வருதுன்னு நினைக்கிறீங்க?" என்றார் தோழர். குரல் உயர்ந்தது. கடைசியில் இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். "முசியே, நான் படிச்சது பாரக்குப் பிரெஞ்சு. நீங்க பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சு. நீங்களே சொல்லுங்க" என்றார் சொல்தா.

அன்று மழுப்பிவிட்டேன். எழுதிச் சொல்கிறேன் என்றேன். இதுதான் அது.

பள்ளிக்கூடத்திலிருந்தே தொடங்குகிறேன். வரலாற்றுப் பாடத்தில் 'கொன்செர்வத்தேர்' என்ற சொல் வந்தபோது எங்கள் வாத்தியார் அகராதியைப் புரட்டச் சொன்னார். அரசியலில் பழமைவாதி என்று ஒரு பொருள். அருங்காட்சியகத்தைக் காப்பவருக்கும் அதே பெயர். அடமானப் பதிவேடுகளைக் காக்கும் அதிகாரிக்கும் அதே பெயர். ஊறுகாய் கெடாமலிருக்கப் போடும் பொருளுக்குக்கூட அதே பெயர்தான்! வகுப்பே சிரித்தது. பிற்பாடு அலுவலகத்தில் பழைய பிரெஞ்சு ஆவணங்களோடு மல்லுக்கட்டியபோது, அந்தச் சொல்லின் அருமை புரிந்தது.

தமிழில் நாம் 'பழமைவாதி' என்கிறோம். அதில் பழமை இருக்கிறது, காப்பது இல்லை. அருங்காட்சியகத்தில் இருப்பவரை மட்டும் காப்பாட்சியர் என்று சரியாகச் சொல்கிறோம். அவர் காப்பது அவருடைய சொத்து அல்ல. நாளைக்கு வரப்போகிறவர்கள் பார்க்க வேண்டும் என்று காக்கிறார். வீட்டுப் பெட்டியைப் பூட்டி சாவியை இடுப்பில் செருகிக்கொள்பவரும் காக்கத்தான் செய்கிறார். அது அவருக்காக. இரண்டு பேருக்கும் பிரெஞ்சில் ஒரே பெயர் பொருந்தும் என்பதுதான் சிக்கல்.

சோஷலிசம் என்ற சொல்லும் அப்படித்தான். 1830களில் பிரான்சிலும் இங்கிலாந்திலும் புழக்கத்துக்கு வந்த நாள் முதல், அதற்கு ஒரே பொருள் இருந்ததே இல்லை. தமிழில் சமதர்மம் என்றும் பொதுவுடைமை என்றும் இரண்டு சொல் வைத்துக்கொண்டும் நமக்குத் தெளிவு வரவில்லை. இதைப் புரிந்துகொள்ளப் புதுச்சேரிக்காரன் வெளியூர் போக வேண்டியதில்லை. நாங்கள் உட்காரும் சாலையின் பெயரே போதும்: குபேர் அவென்யூ.

எதுவார் குபேர் தலைமையில் இங்கே 'பிரெஞ்சிந்திய சோஷலிஸ்ட் கட்சி' என்று ஒன்று இருந்தது. இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால், செங்கொடி பிடித்த ஏழைகள் கட்சி என்று நினைப்பார்கள். உண்மையில் அது பிரெஞ்சு ஆட்சி தொடர வேண்டும் என்று நின்ற கட்சி. நாற்காலியில் இருந்தவர்கள், வசதி படைத்தவர்கள் பலர் அதன் பக்கம். 1948 அக்டோபர் நகராட்சித் தேர்தலில் புதுவையில் பெரும் வெற்றி பெற்றது. அப்போது மேரியைப் பிடித்தவர்களுக்குச் சோஷலிஸ்ட் என்று பெயர், இருப்பதை இருப்பபடியே காப்பது வேலை. காற்று மாறியதும் 1954 மார்ச் கடைசியில் குபேரே நெட்டப்பாக்கம் போய், இணைப்புக்காகத் தற்காலிக அரசு அமைத்தார். அந்த அக்டோபர் 18ஆம் தேதி கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்ததில் 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள். 1963இல் குபேர் காங்கிரஸ் முதலமைச்சரும் ஆனார். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பெயர்ப் பலகையைப் பார்த்துக் கடைக்குள் இருப்பதை முடிவு செய்யக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இதைவிடக் கசப்பான உதாரணம் என் வீட்டிலேயே உண்டு. என் அப்பா மில் தொழிலாளி. 1936 ஜூலை 30ஆம் தேதி அவருக்கு வயது பதினெட்டு. எட்டு மணி நேர வேலை கேட்டு நடந்த போராட்டத்தில் அன்று ராணுவம் சுட்டது. பன்னிரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். அப்பா ஓடித் தப்பியவர். கடைசிக் காலம் வரை, பட்டாசுச் சத்தம் கேட்டால் அவர் தோள் குலுங்கும்.

அந்த நாளில் பாரீசில் யார் ஆட்சி என்பது எனக்குப் பள்ளிக்கூடத்தில்தான் தெரிந்தது. லெயோன் ப்ளும். சோஷலிஸ்ட். மக்கள் முன்னணியின் பிரதமராக 1936 ஜூன் 4ஆம் தேதி பதவி ஏற்றவர். அங்கே தொழிலாளிக்கு வாரம் நாற்பது மணி நேர வேலை, இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை என்று சட்டம் வந்துகொண்டிருந்தது. இங்கே அதே கொடியின் கீழ் துப்பாக்கிச் சூடு. பாடப் புத்தகத்தை எடுத்துப் போய் அப்பாவிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "சுட்டதும் அவங்க ஆட்சியிலதான், எட்டு மணி நேரம் குடுத்ததும் அவங்க ஆட்சியிலதான். ஆனா செத்தவங்க நம்ம ஆளுங்க. அதனாலதான் குடுத்தாங்க" என்றார். ஆமாம், 1937 ஏப்ரலில் வந்த ஆணைதான் எட்டு மணி நேர வேலையை இங்கே சட்டமாக்கியது.

அதே அப்பா மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் போய்த் தீர்த்தவாரி பார்க்காமல் இருந்ததில்லை. வில்லியனூர்த் தேர் வடம் பிடிப்பார். ஜூலை 30 வந்தால் குளித்து, நெற்றியில் விபூதி இட்டுக்கொண்டு, தியாகிகள் நினைவிடத்துக்குப் பூ எடுத்துப் போவார். வீட்டில் பெண்கள் சத்தமாகச் சிரித்தால் பிடிக்காது. சங்கத்துக்குச் சந்தா கட்டத் தவறமாட்டார். அவர் சோஷலிஸ்டா, பழமைவாதியா? அவரிடமே கேட்டிருந்தால், "வேலையைப் பாருடா" என்றிருப்பார்.

சரி, சொல்தாவின் கேள்விக்கு வருகிறேன். முதுமைக்கும் நோய்க்கும் அரசு சட்டம் போட்டுப் பொறுப்பேற்கும் ஏற்பாட்டைப் பெரிய அளவில் தொடங்கி வைத்தவர் ஒரு சோஷலிஸ்ட் அல்ல. ஜெர்மனியின் பிஸ்மார்க், பழுத்த பழமைவாதி. 1878இல் சோஷலிஸ்டுகளின் கூட்டத்தையும் பத்திரிகையையும் தடுத்துச் சட்டம் கொண்டுவந்தார். அதே கையால் 1883இல் நோய்க் காப்பீடு, 1884இல் விபத்துக் காப்பீடு, 1889இல் முதியோர் ஓய்வூதியம். தொழிலாளி சோஷலிஸ்டுகள் பக்கம் போய்விடாமல் அரசோடு கட்டிப்போடுவது அவர் கணக்கு. ஓய்வூதிய வயது அப்போது எழுபது! எத்தனை பேர் அதுவரை உயிரோடு இருந்திருப்பார்கள் என்பதை உங்கள் யோசனைக்கு விடுகிறேன். நாடாளுமன்றத்தில் சோஷலிஸ்டுகள் அந்தச் சட்டங்களை எதிர்த்து வாக்களித்தார்கள். பிற்காலத்தில் அதைக் கட்டிக் காத்தவர்களும் அவர்களேதான்.

பிரான்சில் சமூகப் பாதுகாப்பு ஏற்பாடு 1945 அக்டோபர் ஆணைகளால் பிறந்தது. அரசுத் தலைவர் ஜெனரல் தெகோல், பழமையில் ஊறிய கத்தோலிக்கர். அதை நடைமுறைக்குக் கொண்டுவந்த தொழிலாளர் அமைச்சர் அம்புருவாஸ் க்ருவாசா, கம்யூனிஸ்ட், பன்னிரண்டு பதின்மூன்று வயதிலேயே வேலைக்குப் போனவர். நம் சொல்தாவுக்கு ஊசி போட்டு, மருந்து கொடுத்த ஏற்பாட்டில் இரண்டு பேர் கையெழுத்தும் இருக்கிறது. பெஞ்சில் இதைச் சொன்னால் இரண்டு நண்பர்களும் பாதிப் பாதி சந்தோஷப்படுவார்கள்.

நம் நாட்டிலும் இதே கதைதான். 1955இல் ஆவடி காங்கிரஸ் 'சோஷலிச மாதிரிச் சமுதாயம்' என்றது. அதை எதிர்த்து 1959இல் ராஜாஜி சுதந்திராக் கட்சி கண்டார். நெருக்கடி நிலையின்போது, 1976இல் 42ஆவது திருத்தம் அந்தச் சொல்லை முகப்புரையில் சேர்த்தது. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில் இருந்த நேரம் அது. 1980இல் பிறந்த பாரதிய ஜனதா கட்சி 'காந்திய சோஷலிசம்' என்றது. இன்றைக்கும் ஒரு கட்சியைத் தேர்தல் ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டுமானால், சோஷலிசக் கொள்கையில் பற்று உண்டு என்று அதன் விதிகளில் எழுதிக் கொடுக்க வேண்டும். பெரிய வியாபாரிகள் சேர்ந்து கட்சி தொடங்கினாலும் சரி.

இவ்வளவும் கேட்டுவிட்டு, "அப்போ அது வெறும் வார்த்தைதானே முசியே?" என்று சொல்தா கேட்பார் என்று தெரியும். இங்கேதான் நான் அவரோடு மாறுபடுகிறேன்.

என்னைப் போன்ற ஓய்வூதியர்களுக்கு டிசம்பர் 17 திருநாள். 1982இல் அந்தத் தேதியில்தான் நகரா வழக்கில் தீர்ப்பு வந்தது. கதை சுருக்கமாக: 1979இல் ஓய்வூதியக் கணக்கை அரசு தாராளமாக்கியது. ஆனால் 31.3.1979 அன்றோ அதற்குப் பிறகோ ஓய்வு பெறுபவர்களுக்கு மட்டும். ஒரு நாள் முன்னால் ஓய்வு பெற்றவருக்குப் பழைய கணக்கு. நகரா என்ற ஓய்வு பெற்ற அதிகாரி உச்ச நீதிமன்றம் போனார். ஓய்வூதியம் அரசு இரங்கிக் கொடுக்கும் பிச்சை அல்ல, உழைத்தவனின் உரிமை என்றது நீதிமன்றம். ஒரே இனத்தவரை ஒரு தேதியை வைத்து இரண்டாகப் பிரிக்கக் கூடாது என்றது. அப்படிச் சொல்வதற்கு அது துணைக்கு அழைத்த சொற்களில் ஒன்று, ஆறு வருஷம் முன்பு முகப்புரையில் சேர்ந்த அதே 'சோஷலிஸ்ட்'.

அந்தச் சொல்லை வைத்தவர்கள் எந்த மனத்தோடு வைத்தார்களோ, கிழவர்கள் சிலருக்கு அது சோறு போட்டது. பிஸ்மார்க் கொடுத்ததற்கும் நகரா வாங்கியதற்கும் வித்தியாசம் இங்கேதான். கையில் விழும் காசு ஒன்றாகவே இருக்கலாம். மேலே இருப்பவர் தன் ஆட்சி நிலைக்கக் கொடுத்தால், கணக்கு மாறும்போது அவரே நிறுத்தலாம். உரிமை என்று ஒப்புக்கொண்டு கொடுத்தால், நிறுத்தும்போது கேள்வி கேட்கலாம். அந்தக் கேள்விக்கு ஒரு சொல் வேண்டும். அதனால் சொல் இருக்கட்டும் என்பது என் கட்சி.

இத்தோடு முடித்திருந்தால் நான் நல்ல பிள்ளையாகத் தப்பித்திருப்பேன். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்.

2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசுப் பணியில் புதிதாகச் சேருபவர்களுக்கு, ராணுவம் நீங்கலாக, பழைய ஓய்வூதியம் கிடையாது என்று 2003 டிசம்பரில் அறிவிக்கை வந்தது. அதன் நகல் எங்கள் அலுவலகத்துக்கும் வந்தது. தபால் பதிவேட்டில் அதற்கு எண் போட்டவன் நான். பிரிவில் எல்லோரும் சுற்றி நின்று படித்தோம். முதலில் பதற்றம். பிறகு, "நமக்கு இல்லப்பா, புதுசா வர்றவங்களுக்குத்தான்" என்று ஒருவர் சொன்னதும் மூச்சு வந்தது. டீ வந்தது. குடித்துவிட்டு அவரவர் நாற்காலிக்குப் போனோம்.

எதிர்ப்புக் கூட்டம் ஒன்றுக்கு அழைப்பு வந்தபோதும் நான் போகவில்லை. ஒரு தேதியைக் கோடாகப் போட்டு மனிதர்களைப் பிரிப்பது தப்பு என்று வருஷா வருஷம் டிசம்பர் 17இல் கைதட்டியவன் நான். புதுக் கோடு என் காலுக்கு அந்தப் பக்கம் விழுந்ததால் எனக்கு வலிக்கவில்லை. சட்டப்படி இரண்டும் ஒன்றல்ல, புதிதாக வருபவன் தெரிந்தே வருகிறான் என்று வாதிடலாம். அன்று எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். வேலையில்லாத பையனுக்கு நிபந்தனையைப் படித்துப் பார்த்து மறுக்கும் வசதி எங்கே இருக்கிறது?

மூன்று வருஷம் கழித்து என் மகனே மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் சேர்ந்தான். சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் பத்து சதவீதம் பிடித்துச் சந்தையில் போடுகிறார்கள். அரசும் தன் பங்குக்குப் போடுகிறது. கடைசியில் மாதம் எவ்வளவு வரும் என்று யாருக்கும் உறுதி சொல்ல முடியாது. 2025 ஏப்ரல் 1 முதல் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் என்று இன்னொன்று வந்தது. இருபத்தைந்து வருஷம் பணி செய்தால், கடைசிப் பன்னிரண்டு மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதி என்கிறது. சம்பளப் பிடித்தம் அதிலும் உண்டு. இப்படி உறுதி தந்திருப்பது வலதுசாரிகள் என்று தோழர் திட்டும் ஆட்சிதான். பிஸ்மார்க் நினைவுக்கு வராமல் என்ன செய்யும்?

"அப்பா, பழசுலயே இருக்கட்டுமா, புதுசுக்கு மாறட்டுமா?" என்று மகன் காகிதத்தோடு வந்தான். கணக்குப் போட்டுக் கொடுத்தேன். எழுந்து போகும்போது, "உங்க காலத்துல இதையெல்லாம் யாரும் கேக்கலையாப்பா?" என்றான். குற்றம் சாட்டிக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். எனக்குத்தான் பதில் வரவில்லை.

வாயில் சோஷலிசம், நடப்பில் பழமைவாதம். அதுவும் காப்பாட்சியரின் பழமைவாதம் இல்லை, பெட்டிச் சாவியை இடுப்பில் செருகும் வகை. மேரியில் உட்கார்ந்திருந்த அந்த நாளைய சோஷலிஸ்டுகளைப் பார்த்துச் சிரிக்க எனக்கு என்ன தகுதி?

ஆகவே சொல்தாவுக்கும் தோழருக்கும் என் தீர்ப்பு இது. சோஷலிசமும் பழமை காப்பதும் எதிரெதிர் மலைகள் அல்ல. போராடி ஒன்றைப் பெற்ற மறுநாளே அதைக் காக்கும் வேலை வந்துவிடுகிறது. புதுவையில் மூன்று பெரிய மில்களும் இன்று மூடிக் கிடக்கின்றன. அவற்றை எதிர்த்து நின்ற சங்கங்கள்தான் அவற்றைத் திறக்கச் சொல்லியும் நின்றன. அதில் முரண் ஏதும் இல்லை. ஒரு கட்சியோ தலைவரோ தன்னை என்னவாகச் சொல்லிக்கொண்டாலும் நான் இரண்டு கேள்விதான் கேட்பேன். எதைக் காக்கிறீர்கள்? உங்களுக்குப் பின்னால் வருபவனுக்கும் சேர்த்தா, உங்களுக்கு மட்டுமா?

இந்த டிசம்பர் 17 கூட்டத்தில், சால்வை போர்த்தி முடித்த பிறகு, 2004க்குப் பிறகு சேர்ந்த பிள்ளைகளுக்காகவும் ஒரு தீர்மானம் போட வேண்டும் என்று எழுந்து கேட்கப் போகிறேன். அகவிலைப்படி நிலுவையைப் பேசவே நேரம் போதாது என்பார்கள். சொல்லட்டும். அப்பா பதினெட்டு வயதில் நின்ற இடம் எது, நான் ஐம்பத்திரண்டு வயதில் டீ குடித்த இடம் எது என்று யோசித்தால், எழுந்து நிற்பது பெரிய காரியமாகத் தெரியவில்லை.

அன்று அந்தப் பிரிவில் என்னோடு இருந்த நண்பர்கள் சிலர் இதைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். முழங்கால் வலி எனக்கும் உண்டு. வந்துவிடுங்கள்.